மொரிஸ் மைனருக்குப் பிஸ்டன் தந்த ஐயாவுக்கு

தாத்தாவின் 1959 மொரிஸ் மைனர் கார், ஹட்டனில் தார்ப்பாயின் கீழே கிடந்தது. எஞ்சின் சிலிண்டரை நாற்பது ஓவர்சைஸுக்கு, அதாவது பழைய அளவைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் நாற்பது பங்கு பெரிதாக, கடைந்து போர் பண்ணியாச்சு. அந்த அளவுக்குப் பிஸ்டன்தான் இல்லை. (பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டுதான் போர் பண்ணணும். புத்தி பிறகுதான் வந்தது.) கொழும்பு பஞ்சிகாவத்தையில் உதிரிப்பாகக் கடை கடையாக ஏறி இறங்கியும் சரிவரவில்லை.

தலவாக்கலை பஸ்ஸில் பக்கத்தில் இருந்த ஐயா, என் மடியிலிருந்த பழைய பிஸ்டனைப் பார்த்துவிட்டு, "ஒஸ்டின் ஏ35க்கும் இதே 948 சிசி எஞ்சின்தானே தம்பி" என்றார். மறுநாள் கிரீஸ் பூசி, பழுத்த பேப்பரில் சுற்றிய நாலு பிஸ்டன், ரிங் செட்டோடு கொண்டுவந்து தந்தார். காசு வாங்கவில்லை. பிளேன்டீ மட்டும் குடித்தார். அவசரத்தில் பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

ஐயா, நேற்று கொட்டகலை வரைக்கும் ஓட்டினேன். புகையே இல்லை. ரொம்ப நன்றி.