384 பேருக்குள் வராத அக்கா: பீடத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பீடாதிபதி அவர்களுக்கும் துறை விரிவுரையாளர்களுக்கும்,

வணக்கம். சென்ற மாதம் வாய்மொழிப் பரீட்சையில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். "முன்னைய ஆய்வில் பிழை பிடிக்க நீங்கள் யார்?" என்று கேட்கப்பட்டது என்னிடம்தான். அன்று வாயடைத்துப் போய் வெளியே வந்தேன். சொல்ல நினைத்ததை இப்போது எழுதுகிறேன்.

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து எடுக்கும் சிறு கடனான நுண்கடன் பற்றியது என் ஆய்வு. நான் புரட்டிய பழைய ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வந்த மாதிரியளவு, அதாவது கேள்வி கேட்கப்பட்டவர்களின் எண்ணிக்கை, 384. ஏன் 384 என்று கேட்டால், "அட்டவணையில் அப்படித்தான் இருக்கு" என்பதே பதில். 1970 இல் கிரெஜ்சியும் மோர்கனும் வெளியிட்ட அட்டவணை அது. மொத்தம் 1,000 பேர் இருந்தால் 278 பேரைக் கேட்க வேண்டும், 10,000 பேருக்கு 370, பத்து இலட்சம் பேருக்கு 384. ஆட்களை எழுமாற்றாக, அதாவது சீட்டுக் குலுக்குவதுபோல எல்லோருக்கும் சம வாய்ப்புக் கொடுத்து, தெரிவு செய்தால்தான் அந்தக் கணக்குப் பொருந்தும். நாங்கள் செய்வது என்ன? கடன் குழு கூடும் இடத்துக்குப் போய், வந்திருப்பவர்களிடம் வினாக்கொத்தைக் கொடுக்கிறோம். தவணை கட்ட வழியில்லாதவர் அந்தக் கூட்டத்துக்கு வரவே மாட்டார். அவரை விட்டுவிட்டு, "நுண்கடன் பெண்களை வலுவூட்டியது" என்று முடிவு எழுதுகிறோம். 2018 இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்வதாக அரசாங்கமே அறிவித்தது. அதற்குப் பிறகும் அதே முடிவுதான். இதை எழுதியதற்குத்தான் அந்தக் கேள்வி வந்தது.

கூட்டத்துக்கு வராத ஒரு அக்காவைத் தேடி வாவிக்கு அங்கால் போனேன். "கடன் எனது வருமானத்தை உயர்த்தியது" என்று வாசித்துக் காட்டி, 'முற்றாக உடன்படவில்லை' முதல் 'முற்றாக உடன்படுகிறேன்' வரையான ஐந்து பெட்டியையும் காட்டினேன். கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடன் எடுத்துத்தான் தங்கச்சி தையல் மெசின் வாங்கின நான். அந்தக் கடனைக் கட்ட அதையே வித்துட்டன். இதுல நான் எதுக்குள்ள புள்ளடி போட?"

அவர் சொன்னதைத் தாளின் ஓரத்தில் அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன். ஓரத்தில் எழுதியது கணினிக்குள் ஏறாது, 'நடுநிலை' என்று 3 போடுங்கள் என்றார்கள். போட்டேன். என் கையால்தான் போட்டேன்.

ஆய்வு முறையியல் பாடத்தில் எழுமாற்று மாதிரிக்கு வரைவிலக்கணம் எழுதி 'ஏ' எடுத்தவள் நான். ஆனால் கையிலிருக்கும் ஒரு மாதிரி எழுமாற்றானதா என்று பார்க்க எனக்கு யாரும் பழக்கவில்லை. அதனால் கேட்கிறேன்: முதலாம் வருடத்திலேயே ஒரு ஆய்வுக் கட்டுரையைக் கையில் தாருங்கள். யாரைக் கேட்டார்கள், யார் விடுபட்டார், இந்த முடிவுக்கு வேறு காரணம் இருக்குமா என்று எங்களைக் கேட்க விடுங்கள். அதற்குப் புள்ளியும் போடுங்கள்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் தொடங்கி உயர்தரம் வரை கடந்தகால வினாத்தாளும் மாதிரி விடையும்தான் எங்களுக்குச் சாப்பாடு. டியூசன் கொட்டிலில் கை உயர்த்தினால், "சிலபசில் இல்லாததைக் கேட்டு நேரத்தை வீணாக்காதே" என்பார்கள். பதின்மூன்று வருடம் இப்படி வளர்ந்த பிள்ளைகள் உங்களிடம்தான் வந்து சேர்கிறோம். இங்கும் வாயை மூடு என்றால் நாங்கள் வேறெங்கே போய்ப் படிப்பது? எங்கள் ஊர்ச் சனத்தின் கஷ்டத்தை நாங்களே சரியாக எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்?

குரல் உயர்ந்துவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் சிலர் தனியாகக் கூப்பிட்டு, "நீ கேட்டது சரிதான்" என்று சொன்னதை நான் மறக்கவில்லை. அதையே சபையில் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அடுத்த பீடச் சபைக் கூட்டத்தில் இந்தப் பாடத்தைப் பற்றித் தயவுசெய்து பேசுங்கள். கேள்வி கேட்க எங்களைப் பழக்குங்கள். திருத்தத்துக்கு எனக்கு இரண்டு கிழமை தந்திருக்கிறீர்கள். மாதிரியைப் பற்றி எழுதிய இரண்டு பக்கங்களையும் வெட்டாமல் ஒப்படைக்க அனுமதி தாருங்கள். அந்த அக்கா சொன்னதையும் அவருடைய சொல்லிலேயே பின்னிணைப்பில் சேர்க்க விடுங்கள்.

பணிவுடன்,
இறுதி வருட மாணவி,
மட்டக்களப்பு