கட்டியை எடுத்த முதல் ஒரு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்பகப் புற்றுநோய்க்கு டிராஸ்டுசுமாப் ஊசி பலன் தருமா என்பதைக் கட்டியில் உள்ள ஹெர்-2 புரதத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். திசுவில் இந்தப் புரதத்துக்கு நிறமேற்றிப் பார்க்கும் ஐ.எச்.சி. சோதனையில் 3 பிளஸ் வந்தால் ஊசி உண்டு. 2 பிளஸ் என்றால், ஹெர்-2 மரபணு பெருகியிருக்கிறதா என்று காட்டும் ஃபிஷ் சோதனையும் பார்க்க வேண்டும். ரிப்போர்ட் தவறினால் பழி லேபின் மேல் விழுகிறது. லேபுக்கு வந்து சேரும் முன்பே புரதம் சிதைந்திருக்கக்கூடும் என்பதை யாரும் கேட்பதில்லை.

ரத்த ஓட்டம் நின்றதும் செல்லுக்குள் இருக்கும் நொதிகளே புரதங்களைச் சிதைக்கத் தொடங்கும். ஆகவே 1 மணி நேரத்துக்குள் திசு, சிதைவைத் தடுக்கும் ஃபார்மலின் திரவத்துக்குள் போக வேண்டும். சலைனில் (உப்புநீரில்) போட்டு, உறவினர் கையில் கொடுத்து பஸ்ஸில் அனுப்பும் வழக்கம் நிற்க வேண்டும்.

ஃபார்மலினில் போட்டால் மட்டும் போதாது. அது மணிக்குச் சுமார் 1 மி.மீ.தான் உள்ளே இறங்கும். முழு மார்பகத்தைச் சின்ன டப்பாவில் திணித்து அனுப்பினால், மறுநாள் வெட்டும்போது வெளிப்புறம் வெந்த முட்டை போல இறுகியிருக்கும்; நடுவே, கட்டி இருக்கும் இடம் மட்டும் சிவந்து கொழகொழவென்றிருக்கும். சோதனைக்கு வேண்டியதே அந்த இடம்தான்! திசை காட்டும் தையல் போட்டு, ஓரங்களில் மை தடவிய பிறகு, 5 முதல் 10 மி.மீ. கனத்தில் கீறி, இடையிடையே காஸ் துணி செருகி, திசுவைப் போல 10 மடங்கு ஃபார்மலினில் அமிழ்த்த வேண்டும். ஊறும் நேரம் 6 முதல் 72 மணி. பொங்கல் விடுமுறை முழுக்க பாட்டிலிலேயே கிடந்தாலும் முடிவை நம்ப முடியாது.

குழாய்த் தண்ணீரில் கலந்த ஃபார்மலின் நாளடைவில் அமிலமாகித் திசுவில் கறுப்புப் படிவு விடும். இதைத் தவிர்க்கும் கலவை 100 மி.லி. அடர் ஃபார்மலின், 900 மி.லி. காய்ச்சி வடித்த நீர், 4 கிராம் சோடியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், 6.5 கிராம் டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட்: செலவு அதிகமில்லை.

ஹார்மோன் சிகிச்சை பலன் தருமா என்று காட்டும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி என்ற புரதம் 'நெகட்டிவ்' என்று வந்தால், அதே ஸ்லைடில் நோயில்லாத பால்நாளச் செல்கள் நிறம் ஏறியிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அவையும் வெளுத்திருந்தால் அந்த முடிவு செல்லாது. அறுவைக்கு முன் ஊசியால் எடுக்கும் பயாப்சி திசு சிறிதாக இருப்பதால் ஃபார்மலின் சீக்கிரம் இறங்கும். புரதச் சோதனையை அதிலேயே முடித்துவிடுவது நல்லது.

கட்டியை எடுத்த நேரம், ஃபார்மலினில் போட்ட நேரம். பயாப்சி படிவத்தில் இந்த இரண்டு கட்டங்களையும் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
நோய்க்கூறியல் ஆய்வக ஊழியர்கள் சிலர்,
மதுரை.