காச்சின் படையைப் பிரிவினைவாதிகள் என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மியான்மர் செய்திகளில், வட மியான்மரின் காச்சின் இன மக்களின் ஆயுத அமைப்பான காச்சின் சுதந்திரப் படைக்குப் 'பிரிவினைவாதக் குழு' என்று அடைமொழி போடுகிறீர்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் பர்மாவிலிருந்து வந்த குடும்பங்கள் அந்தச் செய்திகளைத் தேடிப் படிக்கின்றன. அவர்களுக்காகவாவது வரலாறு சரியாக வரவேண்டும்.

1947 பிப்ரவரி 12 அன்று பாங்லாங்கில் பர்மிய விடுதலைத் தலைவர் ஆங் சானோடு காச்சின், ஷான், சின் இனத் தலைவர்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மலைப்பகுதிகளுக்கு உள்நிர்வாகத்தில் முழுத் தன்னாட்சி என்பதே அதன் உயிர்நாடி. ஜூலையில் ஆங் சான் சுட்டுக் கொல்லப்பட்டார். வாக்கு ஏட்டோடு நின்றது. 1960இல் பௌத்தத்தை அரச மதமாக்குவதாகச் சொல்லி முன்னாள் பிரதமர் ஊ நூ தேர்தலில் வென்றார். காச்சின் மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். அதே ஆண்டு எல்லை ஒப்பந்தத்தில் காச்சின் கிராமங்கள் சில சீனாவுக்குக் கைமாறின. அக்டோபர் 25இல் காச்சின் சுதந்திர அமைப்பும், 1961 பிப்ரவரி 5இல் ஜாவ் செங் தலைமையில் அதன் படையும் பிறந்தன. அமைப்பு அரசியல் பிரிவு, படை ஆயுதப் பிரிவு. உங்கள் செய்திகளில் இரண்டும் குழம்புகின்றன.

முதலில் கேட்டது தனிநாடுதான். ஆனால் 1976இலேயே அதைக் கைவிட்டு, கூட்டாட்சிக்குள் தன்னாட்சி என்று கோரிக்கையை மாற்றிக்கொண்டார்கள்.

1994 பிப்ரவரி 24இல் வந்த போர்நிறுத்தம் ஏன் நிலைக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். துப்பாக்கிகள் ஓய்ந்தன, அரசியல் பேச்சோ புதிய அரசியலமைப்பு வரட்டும் என்று தள்ளிப்போனது. இதற்கிடையில் காச்சின் மாநிலத்தின் பாகாந்த் ஜேட் (பச்சை நிற மணிக்கல்) சுரங்கங்கள் அரசின் பிடிக்குள் போய்விட்டன. அரசியலமைப்பு மாநாட்டுக்கு 2007இல் காச்சின் அமைப்பு கொடுத்த 19 அம்சக் கோரிக்கையை யாரும் சட்டை செய்யவில்லை. 2009 ஏப்ரலில், எங்களுக்குக் கீழ் எல்லைக் காவல் படையாக மாறுங்கள் என்று ராணுவம் கட்டளையிட்டது. ஒரு பட்டாலியனுக்கு 326 பேர், அதில் 30 பேர் ராணுவம் அனுப்பும் ஆட்கள். படையையே ராணுவத்தின் கையில் ஒப்படைப்பதற்குச் சமம் அது, மறுத்தார்கள். 2011 ஜூன் 9 அன்று டாப்பெயின் அணைக்கட்டுப் பக்கம் மோதல் வெடித்தது. ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள். போர் 2021 ராணுவப் புரட்சிக்குப் பிறகு தொடங்கியதாக எழுதுவது தவறு.

1980களில் அசாமின் ஆயுதக் குழுவான உல்ஃபாவின் ஆட்களுக்கு இந்தப் படை பயிற்சி கொடுத்தது உண்மை. அதை மறைக்கச் சொல்லவில்லை, எழுதுங்கள். அடுத்து காச்சின் மாநில நகரமான பாமோ பற்றிச் செய்தி வரும்போது, 'பிரிவினைவாத' என்ற இடத்தில் 'தன்னாட்சி கோரும்' என்று போடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர்கள்,
வியாசர்பாடி, வடசென்னை