ஹார்ப்போவின் அப்பாவுக்கு ஒரு வரி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையோடு படித்தேன். அவர்களில் ஒருவரான, திரையில் ஒரு வார்த்தை பேசாமல் உலகத்தைச் சிரிக்கவைத்த ஹார்ப்போவின் இளமைக்காலத்தைத் தமிழில் யாரும் இவ்வளவு விரிவாக எழுதி நான் பார்த்ததில்லை. பிள்ளைகளை மேடையேற்ற அம்மா மின்னி பட்ட பாடு நன்றாகவே பதிவாகியிருக்கிறது. அப்பா சாம் மார்க்ஸ் மட்டும் 'தொழில் தெரியாத தையல்காரர்' என்ற ஒரே வரியில் முடிந்துபோனார். தையல் மெஷினை மிதித்தே குடும்பத்தைக் கரைசேர்த்தவன் நான். அந்த வரி என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

தொழில் தெரியாது என்பதை மறுக்கவில்லை. சாம் டேப் பிடிக்கவே மாட்டார். ஆளைக் கண்ணால் பார்த்தே துணியை வெட்டுவார். பேன்ட்டில் ஒரு கால் நீளமாகவும் மறுகால் குட்டையாகவும் வரும். பிள்ளைகளே இதை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் 1961-இல் வெளிவந்த தன்வரலாற்றில் ஹார்ப்போ அந்த அப்பாவைப் பற்றிப் பேசும் இடங்களில் ஒரு சொட்டுக் கசப்பு கிடையாது. இன்று பிரான்ஸில் இருக்கும் அல்சேஸ் பகுதியிலிருந்து அமெரிக்கா வந்தவர் என்பதால் வீட்டில் அவருக்கு 'ஃப்ரெஞ்சி' என்றே பெயர். பிள்ளையை அடிக்க அவருக்குக் கை வராது. ஊசியில் வராத கைப்பக்குவம் அடுப்படியில் வந்தது. மேடை வாய்ப்புத் தரக்கூடிய ஏஜென்டுகளை மின்னி வீட்டுக்கு அழைத்து விருந்து வைத்துத்தான் காரியம் சாதிப்பார். அந்த விருந்தைச் சமைத்தவர் ஃப்ரெஞ்சி. மின்னியின் வெற்றியைச் சொல்லும்போது இதை எப்படி விட முடியும்?

மின்னியைப் பெற்றவர்களுக்கும் கட்டுரையில் இடமில்லை. ஜெர்மனியில் தாத்தா ஊர் ஊராக மாயவித்தை காட்டியவர், பாட்டி ஹார்ப் என்ற நரம்பு வாத்தியம் வாசித்தவர். நியூயார்க்கில் அந்தக் கலையைக் கேட்பாரில்லை. தாத்தா குடை ரிப்பேர் செய்தார். பேரன் ஹார்ப்போவுக்கு ஹார்ப் எங்கிருந்து வந்தது என்று தேடினால் அந்தப் பாட்டியிடம்தான் போய் நிற்க வேண்டும்.

யூதச் சிறுவனாக ஹார்ப்போ வளர்ந்த தெருவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நியூயார்க்கின் 93ஆம் தெருவில் அவர்கள் இருந்தது சின்ன யூதக் குடியிருப்பு. வடக்கே ஐரிஷ்காரர்கள், தெற்கே ஜெர்மானியர்கள். அடுத்த தெருவுக்குள் கால் வைத்தால் அந்தத் தெருப் பையன்கள் வழிமறித்து, 'எந்தத் தெருடா நீ?' என்பார்கள். கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டால் தப்பிக்கலாம், இல்லாவிட்டால் அடிதான். அதனால் வெளியே கிளம்பும்போதெல்லாம் ஹார்ப்போ சட்டைப்பையில் ஏதாவது போட்டுக்கொள்வார்: எகிறாத பழைய டென்னிஸ் பந்து, நூல் தீர்ந்த கட்டை, ஒரு பென்னிக் காசு. கொடுப்பது என்ன பொருள் என்பது முக்கியமில்லை, கொடுத்தால் போதும் என்கிறார். பள்ளியில் அதுவும் பலிக்கவில்லை. வகுப்பில் அவர் ஒருவர்தான் யூதப் பையன். ஐரிஷ் பையன்கள் இருவர் அவரைத் தூக்கி ஜன்னல் வழியாக வெளியே போடுவது வழக்கமாகிவிட்டது. ஒருநாள் விழுந்த இடத்திலிருந்து எழுந்து நேரே வீட்டுக்கு நடந்தார். படிப்பு இரண்டாம் வகுப்போடு நின்றது. எட்டு வயதுப் பிள்ளைக்கு நடந்த கொடுமை இது. அவர் அதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார். படிக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது. வெளியே அடிபட்டு வந்த பிள்ளைக்கு வீட்டில் அடிக்காத அப்பா ஒருவர் இருந்தார் என்பதை இங்கேதான் வைத்துப் பார்க்க வேண்டும்.

கட்டுரையாளர் அடுத்து அவர்களுடைய படங்களைப் பற்றி எழுதப்போவதாக அறிவிப்பு பார்த்தேன். 1931-இல் வந்த 'மங்கி பிசினஸ்' படத்தில் சாம் மார்க்ஸும் சிறிது நேரம் தலைகாட்டுகிறார். அதற்குப் பின் இரண்டே ஆண்டுகளில், 1933-இல், காலமாகிவிட்டார். அந்தப் படத்தைப் பற்றி எழுதும்போது அவர் பெயரையும் போடச் சொல்லுங்கள். அவருடைய புகைப்படம் கிடைத்தால் அதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
கும்பகோணம்