வெலிக்கடையின் அந்தக் கட்டடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

கொழும்பின் வெலிக்கடைச் சிறைச்சாலையை ஹொரணைப் பக்கம் மாற்றும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது. கைதிகள் நெரிசலில்லாத இடத்துக்குப் போவது நல்லதே. ஆனால் 1841இல் கட்டப்பட்ட அந்தச் சிறைக்குள் 'சப்பல்' பகுதி என்றொரு கட்டடம் உண்டு. அதை என்ன செய்யப்போகிறார்கள்?

தமிழருக்கு எதிரான வன்முறை வெடித்த 'கறுப்பு ஜூலை'யில், 1983 ஜூலை 25 அன்று அங்கே 35 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். எஞ்சியவர்களை வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். 27ஆம் திகதி அங்கேயும் தாக்குதல் நடந்து 18 பேர் கொல்லப்பட்டனர். டெலோ என்ற தமிழ் ஆயுத இயக்கத்தின் குட்டிமணி, தங்கத்துரை, ஜெகன் ஆகியோரின் பெயர்கள் பலருக்கு நினைவிருக்கும். இடம்பெயர்ந்து வந்த மலையகத் தமிழரைக் குடியமர்த்திய காந்தியம் அமைப்பின் மருத்துவர் இராஜசுந்தரத்தை எத்தனை இளைஞர்கள் அறிவார்கள்? கொல்லப்பட்டவர்களில் பலர், எந்த நீதிமன்றமும் குற்றவாளி என்று தீர்க்காதவர்கள்.

வெள்ளவத்தையிலும் புறக்கோட்டையிலும் தீ வைத்த கும்பலை 'யாரென்று தெரியாது' என்று சொல்லி அரசு தப்பப் பார்க்கலாம். பூட்டிய சிறைக்குள் நடந்ததற்கு அந்தப் பதில் செல்லாது. திறப்பு அரசின் கையில்தான் இருந்தது. மரண விசாரணையில் இவை கொலைகள் என்றே முடிவானது. ஆனாலும் ஒருவர் மீதுகூட வழக்கு இல்லை. 2004இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க கறுப்பு ஜூலைக்காக மன்னிப்புக் கேட்டார். அதை நான் மதிக்கிறேன். ஆனால் மன்னிப்பு வழக்காகிவிடாது.

காலம் கடந்துவிட்டது என்பார்கள். இதே வெலிக்கடையில் 2012 நவம்பரில் 27 கைதிகள் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் சிறைச்சாலை உயரதிகாரி ஒருவருக்கு 2022இல் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மரண தண்டனையை நான் ஆதரிப்பவன் அல்லன். சிறைக்குள் நடந்த கொலைக்கும் அதிகாரி பதில் சொல்ல வேண்டும் என்பது இந்த நாட்டிலேயே நிலைநாட்டப்பட்டிருக்கிறது.

சீதுவை ரத்தொலுவையில், ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் காணாமலாக்கப்பட்ட தம் பிள்ளைகளுக்காகச் சிங்களப் பெற்றோர் நினைவுச் சின்னம் எழுப்பி, ஆண்டுதோறும் ஒக்டோபர் 27இல் அங்கே கூடுகிறார்கள். அந்தத் தாய்மாருக்கு நம் கோரிக்கையைப் புரியவைக்கப் பெரிய விளக்கம் தேவைப்படாது. அவர்களையும் சேர்த்துக்கொண்டே இதைக் கேட்க வேண்டும்.

சிறைச்சாலைக் காணி கைமாறும் முன் அந்தக் கட்டடம் பாதுகாக்கப்பட வேண்டும். 53 பேரின் பெயர்களும் மூன்று மொழிகளிலும் அங்கே பொறிக்கப்பட வேண்டும். மரண விசாரணைப் பதிவேடுகளைத் தேசிய சுவடிகள் கூடத்தில் எவரும் பார்க்க வழி வேண்டும். நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஒவ்வொரு ஜூலையிலும் அஞ்சலி உரை ஆற்றுகிறார்கள். இம்முறை நீதி அமைச்சரிடம் இதை எழுத்துமூலக் கேள்வியாகக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.