மேக்ஃபைலில் இருக்கும் அந்த சி99

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சி மொழி படிப்பிக்கும் சேர்மாருக்கும் மிஸ்மாருக்கும்,

வணக்கம். கல்முனையில் பின்னேரங்களில் பிள்ளைகளின் லப்டொப்பில் லினக்ஸ் போட்டுக் கொடுப்பவன் நான். நீங்கள் அசைன்மென்டோடு கொடுக்கும் மேக்ஃபைலில் (புரோகிராமை எப்படி பில்ட் பண்ணுவது என்று சொல்லும் ஃபைல்) ‘-எஸ்டிடி=சி99’ என்று ஒரு ஃபிளாக் இருக்கிறது; சி மொழியின் 1999ஆம் ஆண்டுத் தரத்தைப் பின்பற்று என்று கொம்பைலருக்குச் சொல்வது அது. தயவுசெய்து அதில் சி99ஐ ‘ஜிஎன்யூ99’ என்று மாற்றிவிடுங்கள்; அதே சி99தான், தரத்துக்கு வெளியே இருப்பதையும் மறைக்காது. கேட்க வந்தது இவ்வளவுதான்.

சி99 என்று கண்டிப்பாகச் சொன்னால், தரத்தில் இல்லாததைக் காட்டாதே என்று பொருள். உடனே லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி, ஸ்ட்ரிங் ஹெடரில் இருக்கும் ஸ்ட்ர்டப்பை (ஸ்ட்ரிங்கைப் பிரதி எடுக்கும் ஃபங்ஷன்) ஒளித்துவிடும். அது பொசிக்ஸ் (யுனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான பொதுத் தரம்) சாமான். சி தரத்துக்குள் வந்ததே சி23இல்தான். ஃபைல்நோ, பீஓப்பன் என்ற ஃபங்ஷன்களுக்கும் இதே கதி. ‘ஹெடர் போட்டிருக்கிறேனே!’ என்று பிள்ளை முழிக்கும்.

முன்பு இதற்கு ஒரு வோர்னிங் மட்டும் வரும். அறிவிக்காத ஃபங்ஷன் இன்ட் (32 பிட் முழு எண்) திருப்பித் தரும் என்று கொம்பைலர் தானாக நினைத்துக்கொள்ளும். 64 பிட் முகவரியில் பாதி காணாமல் போய், ஓட்டும்போது செக்மென்டேஷன் ஃபோல்ட் என்று புரோகிராம் விழும். 2024இல் வந்த ஜிசிசி 14 (லினக்ஸில் வழக்கமான சி கொம்பைலர்) அந்த வோர்னிங்கை எரராகவே ஆக்கிவிட்டது, நல்ல வேலை. ஆனால் இப்போது ஜிசிசி 14 உள்ள டெபியன் 13 லினக்ஸ் போட்ட பிள்ளைக்கு பில்டே ஆவதில்லை, பழைய ஜிசிசி உள்ள உபுண்டு 24.04 லினக்ஸ் வைத்திருக்கும் பக்கத்துப் பிள்ளைக்கு பில்ட் ஆகி, ஓட்டும்போது விழுகிறது. மெக்புக்கில் செய்து காட்டும் சேருக்கோ ஒன்றும் தெரியாது, அங்கே சி99 போட்டாலும் ஸ்ட்ர்டப் ஒளிவதில்லை. பழி கடைசியில் லினக்ஸின் தலையில்.

சி99ஐ விட மனமில்லையா, சரி, முதல் இன்க்ளூடுக்கு மேலே பொசிக்ஸ் சி சோர்ஸ் என்ற மேக்ரோவை 200809எல் என்று டிஃபைன் பண்ணச் சொல்லுங்கள்; பொசிக்ஸ் ஃபங்ஷன்களைக் காட்டு என்று ஹெடருக்குச் சொல்வது அது. கீழே போட்டால் பிரயோசனமில்லை. அதை மேக்ஃபைலில் பொதுவாகப் போட்டுவிடவும் வேண்டாம்: மெக்கிலும் ஃபிரீபிஎஸ்டி என்ற யுனிக்ஸ் வகை சிஸ்டத்திலும் அந்தந்த சிஸ்டத்தின் சொந்த ஃபங்ஷன்கள் மறைந்துபோகும்.

ஃபிளாக்கையே எடுத்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஜிசிசி 15 ஒன்றும் சொல்லாவிட்டால் ஜிஎன்யூ23 (சி23இன் ஜிஎன்யூ வடிவம்) என்று எடுத்துக்கொள்ளும். அதில் பூல் ஒரு கீவேர்ட், அதாவது மொழியே ஒதுக்கி வைத்த சொல். இன்டுக்கு பூல் என்று டைப்டெஃப்பால் புதுப் பெயர் வைக்கும் பழைய நோட்ஸ் எல்லாம் அங்கே எரர் அடிக்கும். ஆகவே ஜிஎன்யூ99 இருக்கட்டும். அடுத்த செமஸ்டருக்குக் கொடுக்குமுன், லினக்ஸ் மெஷின் ஒன்றில் ‘-வோல்’ (வழக்கமான வோர்னிங்குகளைக் காட்டும் ஃபிளாக்) போட்டு ஒருதரம் பில்ட் பண்ணிப் பார்த்துவிடுங்கள்.