பெயர் போட்ட ஓட்டு

அன்பு மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. சம்பா அறுப்பு முடிந்ததும், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்தைக் காட்டி மூட்டைகளைக் கிடப்பில் போட்டதும், கடைசியில் எப்படியோ எடை போட்டதும் எல்லாம் படித்தேன். பெரிய பெண்ணுக்கு வரன் அமைந்த செய்திதான் முதலில் வந்திருக்க வேண்டும், நெல்லுக்கு அப்புறம் எழுதியிருக்கிறாய். தங்கச்சி பார்த்தால் உன்னைச் சும்மா விடாது. எனக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது உனக்குத் தெரியும். இப்போது கைப்பிடியைப் பிடிக்காமல் மாடி ஏறுகிறேன். கீழே உட்கார மட்டும் டாக்டர் இன்னும் சம்மதிக்கவில்லை.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். '2023-ல் நில ஒருங்கிணைப்புச் சட்டம் கொண்டு வந்தார்களே, அதற்கு நம்ம தொகுதி எம்.எல்.ஏ. கை தூக்கினாரா இல்லையா, எங்கே போய்ப் பார்ப்பது? உங்கள் ஊரில் எம்.எல்.ஏ.க்களுக்கு மார்க் போடுகிறார்களாமே?' என்று கேட்டிருந்தாய். சுருக்கமான பதில்: நம்மூரில் பார்க்க முடியாது. மார்க் போடுவது உண்மைதான். ஆனால் அந்த மார்க்கை வைத்து ஆளை எடை போடுவது நீ நினைக்கிற அளவுக்கு எளிதில்லை.

நான் இருக்கிற பேக்கர்ஸ்ஃபீல்டைப் பற்றி உனக்குப் பல முறை சொல்லியிருக்கிறேன். கலிஃபோர்னியா என்றால் நீ கடற்கரையை நினைக்கிறாய், இது வேறு. பாதாம் தோப்பு, திராட்சைத் தோட்டம், இடையிடையே தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும் எண்ணெய்ப் பம்புகள். மாநிலத்தில் எடுக்கிற கச்சா எண்ணெயில் பெரும்பகுதி எங்கள் கெர்ன் மாவட்டத்தில்தான். பக்கத்து ஆர்வினில் 2014-ல் எரிவாயுக் குழாய் கசிந்து சில குடும்பங்கள் மாதக்கணக்கில் வீட்டை விட்டு வெளியே கிடந்தார்கள். 2017-ல் கதிராமங்கலத்தில் வயலுக்குள் எண்ணெய்க் குழாய் உடைந்ததே, அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு இது பக்கத்து ஊர்ச் சமாச்சாரமாகத்தான் பட்டது.

இங்கே மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவில், சட்டமன்றத்தின் கீழவையில் 80 பேர், மேலவையில் 40 பேர். கீழவையில் முன்பக்கச் சுவரில் பெரிய பலகை இருக்கும். அதில் உறுப்பினர் ஒவ்வொருவரின் பெயரும் இருக்கும். மசோதா எண்ணைச் சொன்னதும் அவரவர் மேசையில் பொத்தானை அழுத்துவார்கள். ஆம் என்றால் பச்சை விளக்கு, இல்லை என்றால் சிவப்பு. அன்றைக்கே இணையத்தில் ஏறிவிடும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். குழுக் கூட்டத்து ஓட்டும் அப்படியே. உனக்கு வேண்டியது இதுதானே?

ஆனால் அந்தப் பலகையில் மூன்றாவது ஒன்று இருக்கிறது: விளக்கே எரியாத பெயர். மசோதா நிறைவேற, வந்திருப்பவர்களில் பாதி போதாது, மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல் வேண்டும். அதாவது கீழவையில் 41. ஆகவே பொத்தானைத் தொடாமல் காபி குடிக்கப் போய்விட்டாலே அது 'இல்லை' போட்டதற்குச் சமம். மசோதா சாகும், ஆனால் கொன்றவர் பட்டியலில் உன் பெயர் வராது. எண்ணெய்க் கம்பெனிக்கும் கோபமில்லை, பசுமைக்காரர்களிடமும் 'நான் எதிர்க்கவில்லையே' என்று சொல்லிக்கொள்ளலாம். கால்மேட்டர்ஸ் என்கிற செய்தி நிறுவனம் 2017-லிருந்து போட்ட பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓட்டுகளை அலசிப் பார்த்தது. ஜனநாயகக் கட்சியினர் 'இல்லை' போட்டது சராசரியாக ஒரு சதவீதம்கூட இல்லை. எல்லாரும் எல்லாவற்றையும் ஆதரித்தார்கள் என்றா அர்த்தம்? வேண்டாததற்கு நழுவிக்கொண்டார்கள்.

2021 ஏப்ரலில் நடந்ததைக் கேள். நீரியல் விரிசல் முறையை (பூமிக்கடியில் பாறையை நீரழுத்தத்தால் உடைத்து எண்ணெய் எடுப்பது) தடை செய்யவும், வீடுகளுக்கும் பள்ளிகளுக்கும் அருகே எண்ணெய்க் கிணறு தோண்டாமல் தடுக்கவும் எஸ்பி 467 என்று ஒரு மசோதா வந்தது. மேலவையின் இயற்கை வளக் குழுவில் ஒன்பது பேர், ஐந்து ஓட்டு வேண்டும். கிடைத்தது நான்கு. ஒரே ஒரு ஓட்டில் போயிற்று. குழுவில் ஆளும் ஜனநாயகக் கட்சிக்குத்தான் பெரும்பான்மை என்பதையும் சேர்த்துக்கொள். எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் மேல் எனக்கு அவ்வளவு கோபமில்லை, அவர்கள் நிலைப்பாடு தெரிந்ததுதான். இரண்டும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தவர்களை நினைத்தால்தான் எரிச்சல்.

இன்னொரு வித்தையும் உண்டு. செலவு பிடிக்கிற மசோதாக்களையெல்லாம் நிதி ஒதுக்கீட்டுக் குழு ஒரு கட்டாகக் கட்டி ஓரமாக வைக்கும். 'சஸ்பென்ஸ் ஃபைல்' என்று பெயர், சினிமாத் தலைப்பு மாதிரி. வருஷத்துக்கு இரண்டு தடவை, மே மாதமும் ஆகஸ்ட் மாதமும், அந்தக் கட்டைப் பிரிப்பார்கள். தலைவர் மைக் முன்னால் உட்கார்ந்து எண்ணை வாசிப்பார்: இது போகலாம், இது திருத்தத்தோடு போகலாம், இது நிறுத்தம். நூற்றுக்கணக்கான மசோதாக்கள், ஏலம் விடுகிற வேகத்தில். ஏன் நிறுத்தினீர்கள் என்பதற்குக் காரணம் கிடையாது. நிறுத்தியதற்கு யாருடைய ஓட்டும் பதிவாவதில்லை. எத்தனையோ நல்ல சூழல் மசோதாக்கள் இப்படித்தான் ஒருவர் கைரேகையும் படாமல் மண்ணுக்குள் போயின.

இப்போது மார்க் விஷயம். சூழல் வாக்காளர் அமைப்புகள் வருஷா வருஷம் முக்கியமான மசோதாக்களாகச் சிலவற்றைப் பொறுக்கி, யார் எதற்கு என்ன போட்டார்கள் என்று பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று பட்டியல் விடும். தேசிய அளவில் இது 1970-லிருந்து நடக்கிறது, மாநிலங்களிலும் உண்டு. தேர்தல் நேரத்தில் அந்த எண்ணை அட்டையில் அச்சடித்து வீட்டுக்கு அனுப்புவார்கள். பயனில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கேள்வித்தாள் தயாரிப்பவர் யார் என்று பார்க்க வேண்டும். குழுவில் செத்த மசோதாவுக்கு அவையில் ஓட்டே நடக்கவில்லை, அப்புறம் மார்க்கில் எப்படி வரும்? அதற்கும் மேலே, எது 'சூழலுக்கு நல்ல ஓட்டு' என்பதிலேயே சண்டை வரும்.

2017 ஜூலையில் கார்பன் வணிகத் திட்டத்தை (ஆலைகள் புகை விடுவதற்கான அனுமதிச் சீட்டுகளை வாங்கி விற்கிற ஏற்பாடு) 2030 வரை நீட்டிக்க ஏபி 398 என்கிற மசோதா வந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேவைப்பட்டது. ஆளுநர் ஜெர்ரி பிரவுன் தானே குழு முன்னால் வந்து உட்கார்ந்து மன்றாடினார். (இங்கே ஆளுநர் என்றால் நம்ம முதல்வர் மாதிரி, மக்கள் ஓட்டுப் போட்டு வருகிறவர். நம்மூர் ஆளுநர் கணக்கில் எடுத்துக்கொள்ளாதே.) கீழவையில் 55 பேர் ஆதரவோடு நிறைவேறியது. பெரிய சூழல் அமைப்புகள் சில கைதட்டின. சுத்திகரிப்பு ஆலைகளின் நிழலில் வாழ்கிறவர்களுக்காகப் போராடும் அமைப்புகளோ, 'எங்கள் பகுதிக் காற்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கையைக் கட்டிப்போட்டுவிட்டீர்கள்' என்று எதிர்த்தன. ஒரே ஓட்டு, ஒருவர் கணக்கில் நூறு, இன்னொருவர் கணக்கில் பூஜ்யம்.

அந்த ஓட்டில் எனக்கு மறக்காத ஆள் சாட் மேயஸ். குடியரசுக் கட்சியின் கீழவைத் தலைவர். கட்சி மொத்தமும் எதிர்க்கிற விஷயத்துக்கு அவரும் இன்னும் ஆறு பேரும் பச்சை விளக்குப் போட்டார்கள். அடுத்த மாதமே கட்சிக்காரர்கள் அவரைத் தலைவர் நாற்காலியிலிருந்து இறக்கினார்கள். ஆனால் கவனி, தலைமைதான் போனது, எம்.எல்.ஏ. பதவி போகவில்லை. எங்கள் பக்கத்திலேயே இன்னொருவர், டாக்டர் ஜஸ்மீத் பெய்ன்ஸ், பஞ்சாபிக் குடும்பம். 2023 மார்ச்சில் எண்ணெய்ச் சுத்திகரிப்பாளர்களின் கொள்ளை லாபத்துக்குக் கடிவாளம் போடும் மசோதா வந்தபோது, கீழவை ஜனநாயகக் கட்சியினரில் அவர் ஒருவர்தான் 'இல்லை' போட்டார். அவர் போட்டது தப்பென்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் எண்ணெயை நம்பிப் பிழைக்கிற ஊரின் பிரதிநிதி, நேரே பொத்தானை அழுத்திவிட்டுப் பதில் சொல்ல நிற்கிறார். நழுவுகிற நூறு பேரை விட இது மேல்.

உன் கேள்வியின் உண்மையான முடிச்சு இங்கேதான் இருக்கிறது, மாப்ளே. நம்மூரில் ஓட்டு குரலோடு போய்விடுகிறது. ஆதரிப்போர் 'ஆம்' என்க, எதிர்ப்போர் 'இல்லை' என்க, நிறைவேறியது, முடிந்தது. 2020 பிப்ரவரி 20 நினைவிருக்கிறதா? டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் மசோதாவை எடப்பாடி பழனிசாமி தானே கொண்டு வந்தார். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் முழுசாக, கடலூரிலும் புதுக்கோட்டையிலும் சில வட்டாரங்கள். அன்றைக்கே நிறைவேறியது. தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி தி.மு.க. கேட்டது, மறுத்ததும் வெளிநடப்பு. ஏற்கெனவே இயங்குகிற எண்ணெய்க் கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை என்று நீ அப்போதே எழுதியிருந்தாய். அதை அவையில் யார் கேட்டார், யார் கேட்கவில்லை என்று ஓட்டை வைத்துச் சொல்ல முடியுமா? யோசித்துப் பார்த்தால் நம்மூர் வெளிநடப்பும் இங்கே விளக்கெரியாத பெயரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்தான்.

நீ கேட்ட நில ஒருங்கிணைப்புச் சட்டம் அதைவிட மோசம். 2023 ஏப்ரல் 21, கூட்டத்தொடரின் கடைசி நாள். நூறு ஹெக்டேருக்குக் குறையாத நிலம், அதற்குள் ஏரியோ வாய்க்காலோ ஓடையோ இருந்தாலும் 'சிறப்புத் திட்டம்' என்று அறிவித்து ஒன்றாக்கலாம் என்கிற சட்டம். விவாதமே இல்லாமல் நிறைவேறியது. வாய்க்காலை நம்பி இருக்கிற நம்ம ஊர்க்காரனுக்கு இதைவிடப் பெரிய விஷயம் என்ன இருக்கிறது?

எண்ணத் தெரியாதவர்கள் என்று சொல்லிவிடவும் முடியாது. 2017 பிப்ரவரி 18-ல் பழனிசாமி அரசின் நம்பிக்கை வாக்கெடுப்பு. பகுதி பகுதியாக எழுந்து நிற்கச் சொல்லித் தலை எண்ணினார்கள். 122-க்கு 11. அந்தப் பதினோரு பேர் யார் யார் என்று இன்றைக்கும் சொல்லலாம், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆக, நாற்காலி ஆடினால் தலை எண்ணுவார்கள், ஏரி போனால் குரல் போதும்!

நீ உடனே கேட்பாய்: தலை எண்ணித்தான் என்ன ஆகப் போகிறது, கொறடா சொன்னபடிதானே நிற்பார்கள் என்று. வாஸ்தவம். 1985-ல் வந்த அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணைப்படி, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டாலும் சரி, போடாமல் இருந்தாலும் சரி, கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவிக்கே ஆபத்து. சாட் மேயஸ் நம்மூரில் இருந்திருந்தால் இடைத்தேர்தல்தான். கட்சி தாவலைத் தடுக்க வந்த சட்டம், ஏரி குளத்து மசோதாவுக்கும் ஏன் பொருந்த வேண்டும்? ஆட்சி கவிழ்கிற ஓட்டுக்கு மட்டும் கொறடா இருக்கட்டும், மற்றதற்கு அவரவர் தொகுதியைப் பார்த்துப் போடட்டும் என்பது என் வாதம். நீ ஒத்துக்கொள்ளமாட்டாய், 'காசு கொடுத்து வாங்கிவிடுவான்' என்பாய். இங்கே கொடுக்காமலா இருக்கிறார்கள்? ஆனால் கொடுத்த தேர்தல் நிதி ஒரு பட்டியலில் இருக்கிறது, போட்ட ஓட்டு இன்னொரு பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சந்தோஷமான உதாரணமும் ஒன்று இருக்கிறது. 2024 டிசம்பர் 9, மேலூர் பக்கம் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிரான தீர்மானம். எதிர்க்கட்சியும் சேர்ந்து ஒருமனதாக நிறைவேற்றினார்கள். அடுத்த மாதம் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஆனால் அன்றைக்கு அவையில் வாக்குவாதம் எதைப் பற்றி என்று பார்த்தாயா? 2023-ல் நாடாளுமன்றத்தில் கனிமச் சட்டத் திருத்தம் வந்தபோது அ.தி.மு.க. ஆதரித்துப் பேசியது என்று தி.மு.க. குத்திக் காட்டியது. பதிவில் பேச்சு இருந்ததால்தான் அந்தக் கேள்வியே வந்தது. ஒருமனதான தீர்மானம் யாருக்கும் செலவில்லாதது, அதில் ஆளைத் தெரிந்துகொள்ள முடியாது என்பதும் உண்மை. அந்தப் பக்கத்து அரிட்டாபட்டி சனங்கள் தெருவில் இறங்கியிருக்காவிட்டால் அந்தத் தீர்மானம் வந்திருக்குமா என்பது தனிக் கேள்வி.

எங்கள் கதையின் பாக்கி: எண்ணெய்க் கிணற்றுக்கும் வீட்டுக்கும் 3,200 அடி இடைவெளி வேண்டும் என்கிற சட்டம் கடைசியில் 2022-ல் கூட்டத்தொடரின் கடைசி ராத்திரி நிறைவேறியது. எண்ணெய்க் கம்பெனிகள் கையெழுத்து வாங்கிப் பொது வாக்கெடுப்புக்கு இழுத்து நிறுத்தி வைத்தன, 2024 ஜூனில் தாமே பின்வாங்கின. நிம்மதியாக இருந்தோம். 2025 செப்டம்பரில் பெட்ரோல் விலை ஏறிவிடும் என்கிற பயத்தில், கெர்னில் வருஷத்துக்கு 2,000 புதுக் கிணறு வரை அனுமதிக்கும் சட்டத்தை அதே அவை நிறைவேற்றியது. அதே வாரம் கார்பன் திட்டத்தை 2045 வரை நீட்டித்தார்கள். இரண்டுக்கும் 'ஆம்' போட்டவருக்கு என்ன மார்க் போடுவாய், சொல்.

உனக்கு ஒரு வேலை. சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்பு அச்சாகிறது, ஓட்டு இல்லாவிட்டாலும் யார் எழுந்து பேசினார் என்பது அதில் இருக்கும். உன் அக்கா மகன் சென்னையில்தானே இருக்கிறான், அந்த ஏப்ரல் மாதத்துக் குறிப்பை எடுத்துப் பார்க்கச் சொல். நம்மாள் வாய் திறந்தாரா என்று பார்ப்போம். திறக்கவில்லை என்றால் அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறபோது நேரிலேயே கேள். நீ கேட்பாய் என்று எனக்குத் தெரியும், கல்லூரி விடுதியில் மெஸ் கணக்கைக் கேட்ட ஆள்தானே.

கல்யாணத் தேதி முடிவானதும் உடனே எழுது. டிக்கெட் விலை ஏறுவதற்குள் பதிவு செய்ய வேண்டும். பந்தியில் எனக்கு நாற்காலி மேசை போட்டுவிடு, தரையில் உட்கார்ந்தால் எழுப்ப நாலு பேர் வேண்டும்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

உன்,
பழைய அறைத்தோழன்